மாத்தளைக்கும் மாத்தறைக்கும் நடுவே ஒரு மவுஸ் சக்கரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம், சிறியதொரு கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கத்தான் ஆட்கள் வருவார்கள். போனில் எல்லாம் வந்தபிறகு அந்த வியாபாரம் போய்விட்டது. இப்போது போட்டோக் கொப்பி, தட்டச்சு, அதைவிட முக்கியமாக ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. வேலை, பரீட்சை, புலமைப்பரிசில், வங்கிக் கணக்கு, வெளிநாட்டுப் பயணம் என்று எதுவானாலும் ஒரு கடிதவுறையில் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தக் கதிரையில் இருந்து பார்த்த ஒரு விஷயத்தைத்தான் எழுதுகிறேன். இந்த விண்ணப்பப் பக்கங்களை உருவாக்குபவர்களில் யாராவது உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை.

விஷயம் இதுதான்: அழுத்தினால் கீழே விரியும் நீண்ட பட்டியல்கள். மாவட்டம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் பிரிவு, நாடு, வங்கிக் கிளை, பிறந்த ஆண்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். எழுத வேண்டியதில்லை, பார்த்துத் தெரிவு செய்தால் போதும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது.

மாத்தளையைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு தம்பி, கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் இருப்பவர், ஒரு நிறுவனத்தின் வேலைக்குத் தானாகவே விண்ணப்பித்தார். நண்பனின் லெப்டொப்பில் நிரப்பினாராம். நேர்முகப் பரீட்சைக்கு மாத்தறையில் உள்ள நிலையத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒன்று கண்டிக்கு அப்பால் மலைப்பக்கம், மற்றது தெற்குக் கரையோரம். தொலைபேசியில் கேட்டால், "நீங்கள்தானே தெரிவு செய்தீர்கள், எங்களிடம் மாத்தறை என்றுதான் பதிந்திருக்கிறது" என்றார்களாம். தான் மாத்தளையைத்தான் அழுத்தியதாகத் தம்பி சத்தியம் செய்தார். நான் அவரை நம்பினேன், ஏனென்றால் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அதே பக்கத்தை என் கணினியில் திறந்து காட்டினேன். மாத்தளையைத் தெரிவு செய்தாயிற்று. பட்டியல் மூடிக்கொண்டது. ஆனால் கணினியின் கவனம் இன்னும் அந்தப் பெட்டியிலேதான் இருக்கிறது. அடுத்த கேள்விக்குப் போக மவுஸின் சக்கரத்தை உருட்டினால், அம்புக்குறி அந்தப் பெட்டியின் மேல் நின்றால், விண்டோஸ் கணினியில் சில பிரவுசர்களில் பக்கம் இறங்காது. பெட்டிக்குள் இருக்கும் பெயர் மாறும். ஒரு நொடிப்பு உருட்டினால் ஒரு பெயர் கீழே. ஆங்கில அகரவரிசையில் மாத்தளைக்கு அடுத்தது மாத்தறை. கண் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. சத்தமில்லை, எச்சரிக்கையில்லை, சிவப்புக் கோடும் இல்லை.

அந்தச் சிவப்புக் கோடு ஏன் வரவில்லை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் கொட்டாஞ்சேனை என்று எழுதப்போய் 'கொட்டாஞசேனை' என்று தட்டினால் யார் பார்த்தாலும் பிழை தெரியும். பட்டியலில் பிழை விட்டால் அப்படித் தெரியாது. தவறிப்போய் வந்து விழுவதும் சரியான ஒரு பெயர்தான், எழுத்துப் பிழையில்லாத, உண்மையிலேயே இருக்கிற ஓர் ஊர். கணினி அதை ஏற்றுக்கொள்ளும், எழுதுவினைஞர் ஏற்றுக்கொள்வார், அச்சடித்த தாளைப் பார்க்கும் விண்ணப்பதாரரும் மேலோட்டமாகப் பார்த்தால் ஏற்றுக்கொள்வார். கடைசியில் பழி யாருக்கு? அழுத்தியவருக்கு.

பட்டியல் வைப்பவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெள்ளவத்தையை எழுதச் சொன்னால் ஆங்கிலத்திலேயே கடைசி எழுத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள், தமிழில் 'வெள்ளவத்த' என்றும் வரும், சிலர் 'கொழும்பு 6' என்று மட்டும் போடுவார்கள். இதையெல்லாம் பிறகு யார் உட்கார்ந்து ஒன்றாக்குவது? அதனால் கட்டாயம் ஓர் ஒழுங்கு வேண்டும். பட்டியலே வேண்டாம் என்பதல்ல என் வாதம். 5, 6 விஷயங்களுக்குப் பட்டியல் சரி. சொல்லப்போனால் அந்த அளவுக்கு எல்லாவற்றையும் வெளியிலேயே போட்டு வட்டத்தைக் குறிக்கச் சொல்லலாம். 25 மாவட்டங்களுக்குப் பட்டியல் சமாளிக்கலாம். 249 நாட்டுப் பெயர்களுக்கும் 14,000 கிராம அலுவலர் பிரிவுகளுக்கும் அதே முறையை வைத்தால் என்ன செய்வது?

வரிசையைப் பற்றிச் சொல்கிறேன், எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இது. தமிழில் விண்ணப்பம் என்று திறந்தால் மாவட்டப் பெயர்கள் தமிழில் இருக்கும், வரிசை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அம்பாறை, அநுராதபுரம், பதுளை, மட்டக்களப்பு, கொழும்பு, காலி, கம்பஹா, அம்பாந்தோட்டை, யாழ்ப்பாணம் என்று போகும். தமிழ் மட்டும் படிக்கிற ஓர் அம்மாவுக்கு இதில் என்ன ஒழுங்கு தெரியும்? யாழ்ப்பாணத்தைத் தேடி அடிவரை போய், இல்லையென்று மேலே வந்து, திரும்பவும் போவார். திருகோணமலைக்காரர் நடுவில் தேடுவார்; அது கடைசிக்கு முதலாவதாக வவுனியாவுக்கு மேலே இருக்கும். மொழிபெயர்த்தவர் பெயர்களை மொழிபெயர்த்துவிட்டுப் போய்விட்டார். வரிசையையும் மாற்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகியது. பட்டியல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, வரிசையை மாற்றுகிறோம் என்று கணினியிடமே விட்டாலும் இன்னொரு வில்லங்கம். என் தங்கையின் மகன் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறான். அவன் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. "மாமா, கணினிக்கு எழுத்து என்றால் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தின்படி அடுக்கச் சொன்னால் எங்கள் அகராதி வரிசை வராது." நாம் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு இப்படி இலக்கம் கொடுக்கும் நியமமான யூனிகோட், தமிழ் எழுத்துகளுக்கு இடம் கொடுத்தபோது இந்தியாவில் 1988இல் வந்த இஸ்கி என்ற குறியீட்டைப் பின்பற்றியது. எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கும் முறை அது. அதனால் ற போய் ர பக்கத்திலும், ன போய் ந பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டன. ள, ழ இரண்டும் வ வுக்கு முன்னால் வந்துவிட்டன. இதன் விளைவு என்ன தெரியுமா? அகராதிப்படி மாத்தளை முதலில், மாத்தறை பிறகு. கணினியின் இலக்கப்படி மாத்தறை முதலில், மாத்தளை பிறகு. 25 மாவட்டங்களில் மற்றவை பெரும்பாலும் தப்பிவிட, ஏற்கெனவே ஆட்களைக் குழப்பும் அந்த இரண்டிலேயே வந்து விழுகிறது! தமிழ் முறைப்படி அடுக்கு என்று கணினிக்குச் சொல்ல வழி இருக்கிறதாம், ஒரு வரி எழுதினால் போதுமாம். அந்த ஒரு வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

கொழும்புக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அஞ்சல் வலயத்தைத் தெரிவு செய்யச் சொல்லும் சில பட்டியல்களில் கொழும்பு 1க்கு அடுத்து கொழும்பு 10 வரும், பிறகு 11, 12, 13, 14, 15, அதற்குப் பிறகுதான் 2. இலக்கத்தை எழுத்தாகப் பார்த்து அடுக்கினால் இப்படித்தான் வரும். 01, 02 என்று எழுதியிருந்தாலே தீர்ந்திருக்கும். அஞ்சல் குறியீடு கேட்கும் இடத்தில் வேறு கூத்து: எங்கள் 01300இன் முன்னால் இருக்கும் பூச்சியத்தைப் பெட்டி விழுங்கிவிட்டு, பிறகு '5 இலக்கம் வேண்டும்' என்று எங்களையே கோபிக்கும்.

பிறந்த ஆண்டுப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டில் தொடங்கி 1948 வரை விரலால் இழுக்க வைப்பது வயதானவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. நாலு இலக்கம் எழுத எல்லாருக்கும் தெரியும். அதுவும் மேலே அடையாள அட்டை இலக்கத்தை வாங்கிவிட்டுக் கீழே இதைக் கேட்கிறார்கள். பழைய இலக்கத்தின் முதல் 2 இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த 3 இலக்கமும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த 12 இலக்க முறையில் ஆண்டு முழுதாகவே இருக்கிறது. அதிலிருந்தே எடுத்துக் காட்டி, "சரிதானா?" என்று கேட்டால் முடிந்தது.

நாடுகளின் பட்டியலுக்கு வருவோம். சர்வதேச நியமப்படி 249 பெயர்கள் உண்டு. அதில் பூவே தீவு என்று ஒன்று. நோர்வேக்குச் சொந்தமான, பனி மூடிய, ஒருவரும் குடியிருக்காத தீவு. குவைத்துக்குப் போகிற பிள்ளை அதையும் தாண்டித்தான் போக வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் போகும் இடங்களும், அவர்களுடைய சொந்தக்காரர் இருக்கும் இடங்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவை: கட்டார், குவைத், சவூதி, டுபாய், ஜோர்தான், கொரியா, லண்டன், கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, அவுஸ்திரேலியா. இதில் டுபாய் என்று தேடினால் கிடைக்காது, லண்டன் என்று தேடினாலும் கிடைக்காது. ஆங்கிலப் பட்டியலில் ஐக்கிய அரபு இராச்சியமும் ஐக்கிய இராச்சியமும் அடுத்தடுத்து இருக்கின்றன, அதற்கும் கீழே அமெரிக்கா. கொரியா இன்னும் மோசம். நியமப் பெயர்களை அப்படியே போட்டிருந்தால் இரண்டு கொரியாக்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், அதிலும் வடகொரியாதான் முதலில். பெயர் நீளமென்பதால் போன் திரையில் 'கொரியா' என்பதோடு வெட்டுப்பட்டும் நிற்கும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதலில் கண்டதை அழுத்திவிடுவார்கள். அனுப்புவதற்கு முன் பிடித்த சம்பவங்கள் என் கடையிலேயே உண்டு.

இனி கிராம அலுவலர் பிரிவு. நாட்டில் 14,000க்கும் மேற்பட்ட பிரிவுகள். ஒரே பட்டியலில் போட முடியாதென்று மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகம், பிரிவு என்று படிப்படியாக வைக்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் கடைசிப் படி வரை வந்தபிறகு மேலே ஒன்றைத் திருத்தப்போனால் கீழே உள்ளதெல்லாம் அழிந்துவிடுகிறது. சிங்களத்தில் திறந்த பக்கத்தை நடுவில் தமிழுக்கு மாற்றினாலும் அதே கதி. பிரீபெய்ட் டேட்டாவில் போனில் நிரப்புகிறவருக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு காத்திருப்பு. தன் பிரிவு எந்தப் பிரதேச செயலகத்துக்குக் கீழ் வருகிறது என்று தெரியாதவர்கள் எத்தனையோ பேர், ஆனால் பிரிவின் பெயர் எல்லாருக்கும் தெரியும். தலைகீழாகக் கேட்கக்கூடாதா? பிரிவின் பெயரில் மூன்று எழுத்தை எழுதவிட்டு, பொருந்துகிற சிலவற்றை மட்டும் காட்டலாம். ஒரே பெயரில் பல ஊர் இருப்பதால் பக்கத்தில் மாவட்டத்தையும் போட வேண்டும். புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது.

நான் கேட்பதும் இதையேதான், எல்லா நீண்ட பட்டியல்களுக்கும். எழுதத் தொடங்கினால் பட்டியல் சுருங்க வேண்டும். 'யாழ்' என்று தமிழில் எழுதினாலும், ஆங்கில எழுத்தில் அதையே தட்டினாலும், 'ஜெஃப்னா' என்று தேடினாலும் யாழ்ப்பாணம் வர வேண்டும். முகத்துவாரம், மோதறை, மட்வல் மூன்றும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஸ்லேவ் ஐலண்ட் என்றும் சொல்லும் கொம்பனித்தெருவுக்கும் அப்படியே. ஒவ்வொரு பெயரோடும் ஆட்கள் வாயில் வழங்கும் மற்றப் பெயர்களையும் சேர்த்து வைத்தால் போதும். வெளியே காட்டுவது எந்த மொழியில் இருந்தாலும் உள்ளே பதிவது ஒரு குறியீடாக இருக்கட்டும். அப்போது ஒழுங்கும் குலையாது, மொழி மாற்றினாலும் தெரிவு அழியாது. 'பட்டியலில் எத்தனையாவது' என்பதை மட்டும் குறியீடாக வைத்துவிடாதீர்கள் என்று மருமகன் சேர்த்து எழுதச் சொன்னான். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது போல நாளைக்கு ஒன்று நடுவில் சேர்ந்தால், அதற்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் அயல் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள்.

அப்புறம், தெரிவு செய்ததைப் பெரிய எழுத்தில் திரும்பக் காட்ட வேண்டும். வெறுமனே 'மாத்தளை' என்றல்ல, 'மாத்தளை மாவட்டம், மத்திய மாகாணம்' என்று. தென் மாகாணம் என்று கண்ணில் பட்டிருந்தால் அந்தத் தம்பி அன்றைக்கே திருத்தியிருப்பார். அனுப்பு என்ற பொத்தானுக்கு முன் முழு விண்ணப்பத்தையும் ஒருமுறை வாசிக்கக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'மாற்று' என்று வைக்கலாம். பிரித்தானிய அரசு தன் இணையச் சேவைகளுக்காக வைத்திருக்கும் வடிவமைப்பு வழிகாட்டி, இந்த விரியும் பட்டியலை வேறு வழியில்லாத இடத்தில்தான் பயன்படுத்து என்கிறது. சிலருக்கு இது மிகவும் கஷ்டமாக இருப்பதை ஆட்களை வைத்துப் பார்த்தே அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியான ஊரிலேயே அந்த நிலை.

ஒன்றுக்கு மேல் தெரிவு செய்யச் சொல்லும் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரும்பும் பாடங்கள், தெரிந்த மொழிகள், வேலை செய்யச் சம்மதமான மாவட்டங்கள் என்று கேட்பார்கள். கொன்ட்ரோல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ஏழாவதை அழுத்தும்போது விரல் கொஞ்சம் விலகினால் முந்தைய ஆறும் போய்விடும். போனில் கொன்ட்ரோல் பொத்தானுக்கு எங்கே போவது? பக்கத்தில் சதுரம் வைத்துச் சரி போட விடுங்கள், போட்டவற்றை மேலே தனியாகக் காட்டி, வேண்டாததை நீக்க ஒரு புள்ளடி வையுங்கள். இது பெரிய கண்டுபிடிப்பல்ல, சாமான் விற்கிற இணையத்தளங்கள் எல்லாம் செய்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். கைந்நூலில் பாடநெறிக்குரிய குறியீட்டைப் பார்த்து, வீட்டிலேயே விருப்ப வரிசையில் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். என் கடையில் அவர்களுடைய வேலைதான் விரைவாக முடியும், தகராறும் குறைவு. எழுதிக்கொண்டு வந்ததையும் திரையில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது.

இதெல்லாம் சரியானால் உனக்கு வியாபாரம் குறையாதா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். குறையும்தான். இப்போது எனக்குக் கிடைக்கும் காசில் ஒரு பங்கு இந்தப் பட்டியல்களின் புண்ணியம். ஆனால் காசு கொடுத்து நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் அன்றாடம் உழைப்பவர்கள். தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்களே தெரிவு செய்ய முடியாமல் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். சான்றிதழ் ஸ்கேன் பண்ண, கொப்பி எடுக்க, போட்டோ சின்னதாக்க எப்படியும் வருவார்கள், எனக்கு அது போதும்.

செலவைக் காரணம் சொல்வார்கள். மருமகனிடம் கேட்டேன், இருக்கிற பட்டியலைத் தேடும் பெட்டியாக மாற்றுவது பெரிய வேலையில்லை என்கிறான். மூன்று மொழியிலும் வழங்கும் பெயர்களைத் திரட்டுவதுதான் வேலை. அதற்கும் ஊர் ஊராக அலையத் தேவையில்லை. பிரதேச செயலகங்களில் இருக்கும் தமிழ் உத்தியோகத்தர்களிடம் கேட்டால் ஒரு பின்னேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். புதிய விண்ணப்பம் ஒன்றை வெளியிடுவதற்கு முன், அதைச் செய்தவர்கள் தமிழில் திறந்து, சாதாரண போனில், தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரை நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். உதவி செய்யக்கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. ஆள் கிடைக்கவில்லையென்றால் என் கடைக்கு வரலாம், ஒரு கதிரை போட்டுத் தருகிறேன். சனிக்கிழமை காலை வந்தால் கூட்டம் அதிகம், பார்க்கவும் நிறைய இருக்கும்.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் கடைக்காரர் ஒருவர்,
கொழும்பு 13